கறுப்பிலிருந்து பொன்னிறம்: வீட்டுக் குளியலறையா, பார்லர் நாற்காலியா?

சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊர்க் கல்லூரி வாசலில் நின்றாலும் தேன் நிறமும் செம்பு நிறமும் ஏறிய கூந்தலைப் பார்க்கலாம். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு, வெயிலில் காய்ந்து செம்பட்டை பாய்ந்த முடியை எண்ணெய் தடவி மறைத்தார்கள். இன்று ஏறக்குறைய அதே நிறத்துக்காகப் பல ஆயிரம் ரூபாய் செலவழிக்கிறார்கள். இந்த ஆசை சரியா என்று விசாரிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. முடி அவரவருடையது, அதன் நிறமும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த ஆசை பிறந்த மறுநாளே எழுகிற கேள்வி முக்கியமானது. பிறவியிலேயே கறுத்த முடியை வெளிற வைப்பதை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா, பார்லருக்குப் போகத்தான் வேண்டுமா? பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பணம்தான் பதில் சொல்கிறது. கடையில் பெட்டி சில நூறு ரூபாய், பார்லரில் அதைப்போலப் பல மடங்கு. ஆகவே பெட்டி வாங்கு என்று முடிந்துவிடுகிறது. அது தவறான இடத்தில் போடப்படும் கணக்கு. கறுப்பிலிருந்து அடர் பழுப்பு வரை போவதை வீட்டில் கவனமாகச் செய்யலாம். அதற்கு மேல் ஒரு படி என்றாலும் அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. பார்லரிலும் எல்லாக் கைகளும் அதற்குத் தகுந்தவை இல்லை. இரண்டு இடத்திலும் மருந்து ஒன்றுதான். எந்த நிமிடத்தில் நிறுத்துவது என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதே வித்தியாசம்.

இதைப் புரிந்துகொள்ள முடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். டை அடிப்பது முடியில் நிறத்தைச் சேர்ப்பது. வெளிற வைப்பது முடியிலிருந்து நிறத்தை எடுப்பது. சேர்த்தது பிடிக்கவில்லை என்றால் அதன்மேல் இன்னொன்றைச் சேர்க்கலாம். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. முடியின் வெளிப்புறத்தில் மீன் செதில்போல அடுக்கடுக்கான மேலுறை இருக்கிறது. அதற்குள்ளே, முடிக்கு வலுவும் நிறமும் தருகிற நடுப்பகுதியில், மெலனின் துகள்கள் புதைந்திருக்கின்றன. அம்மோனியா போன்ற காரப்பொருள் மேலுறையை உப்ப வைத்துத் திறக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே போய் மெலனினைச் சிதைக்கிறது. ப்ளீச் பவுடரில் இதோடு பெர்சல்பேட் உப்புகளும் சேர்கின்றன. அவை பெராக்சைடின் வேகத்தைப் பல மடங்கு கூட்டுகின்றன. பெராக்சைடு கரைசலைத் தொழிலில் டெவலப்பர் என்பார்கள். அதன் வலிமையை வால்யூமில் அளப்பார்கள். 10 வால்யூம் என்றால் 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. ஒரு லிட்டர் கரைசல் எத்தனை லிட்டர் ஆக்சிஜனை வெளியிடும் என்பதே அந்த எண். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் முடிக்கான பொருள்களில் 12 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்திருக்கிறது.

கறுத்த முடியின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நம் முடியில் இரண்டு வகை மெலனின் உண்டு. கறுப்பும் பழுப்பும் தருவது யூமெலனின். சிவப்பும் மஞ்சளும் தருவது ஃபியோமெலனின். பெராக்சைடுக்கு முதலில் உடைவது யூமெலனின். மற்றது பிடிவாதமாகக் கடைசிவரை நிற்கும். அதனால் கறுத்த முடி ஒருபோதும் நேராகப் பொன்னிறத்துக்குப் போவதில்லை. கறுப்பு, அடர் பழுப்பு, சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், வெளிர் மஞ்சள் என்று ஒவ்வொரு நிறமாகக் கடந்துதான் போக வேண்டும். முடி நிலையங்களில் 1 முதல் 10 வரை லெவல் சொல்வார்கள்: 1 சுத்தக் கறுப்பு, 10 வெளிர் பொன்னிறம். தமிழர்களில் பெரும்பாலோரின் முடி 1 முதல் 3-க்குள் அடங்கும். தேன் நிறம் வேண்டுமென்றால் 7 வரையாவது ஏற வேண்டும். அதாவது சிவப்பையும் செம்மஞ்சளையும் கடக்க வேண்டும். பழுப்பு முடியோடு பிறந்த ஐரோப்பியப் பெண்ணுக்கு இது இரண்டு மூன்று படி. நமக்கு நான்கு முதல் ஆறு படி. ஒவ்வொரு படியும் மருந்து கூடுதல் நேரம் முடிக்குள் இருப்பதைக் குறிக்கும். வீட்டில் முயன்றவர்கள் ஏன் எப்போதும் ஆரஞ்சு நிறத்தில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதற்கும் இதுவே விடை. அவர்கள் மருந்தைத் தப்பாகக் கலக்கவில்லை. பாதி வழியில் நிற்கிறார்கள். ஆனால் மீதி வழியைக் கடக்க அந்த முடியில் தெம்பு இருக்கிறதா என்பது அவர்களுக்குத் தெரியாது.

தெம்பு என்று சொல்வது அலங்காரத்துக்காக இல்லை. மருந்து மெலனினை மட்டும் தேடிப் பிடித்து உடைப்பதில்லை. முடியின் வலு, கெரட்டின் புரதத்தில் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்பதில் இருக்கிறது. அந்தப் பிணைப்புகளையும் பெராக்சைடு உடைத்து, திரும்பச் சேர முடியாத அமிலமாக மாற்றிவிடுகிறது. மேலுறையின்மேல் பிறவியிலேயே ஒட்டியிருக்கும் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. நனைந்த முடியில் தண்ணீர் உருண்டு ஓடுவதும், சீப்பு வழுக்கிப் போவதும் அதனால்தான். காரமான ப்ளீச் அந்தப் படலத்தைக் கழற்றிவிடும். பிறகு முடி தண்ணீரை உறிஞ்சும், உப்பும், காயத் தாமதமாகும், சிக்கு விழும். கண்டிஷனர் அதன்மேல் தற்காலிகமாக ஒரு பூச்சைத்தான் தரும். தேங்காய் எண்ணெய் இங்கே ஓரளவு உதவும் என்பதற்குச் சான்று இருக்கிறது. தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, நல்ல முடியிலும் சேதமான முடியிலும் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்று கண்டது. அது எண்ணெய் விற்கும் நிறுவனமே நடத்திய ஆய்வு என்பதையும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். என்றாலும் தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவுகிறது என்பது பிற சோதனைகளிலும் தெரிந்த விஷயம். அது இழப்பைக் குறைக்கும். இழந்ததைத் திருப்பித் தராது. உடைந்த பிணைப்புகளைச் சேர்ப்பதாகச் சொல்லிப் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சந்தையில் இருக்கும் ‘பாண்ட் பில்டர்’ திரவங்களுக்கும் இதே வரம்பு பொருந்தும்.

நம் முடிக்கு எவ்வளவு பொறுமை தேவை என்பதற்கு ஒரு வலுவான சாட்சி நம் கோயில்களிலிருந்தே கிடைக்கிறது. திருமலையிலும் பழனியிலும் பக்தர்கள் காணிக்கையாகத் தரும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு, ஒட்டுமுடியாகவும் விக்காகவும் மாறி உலகமெங்கும் போகிறது. அதில் நல்ல நீள முடியை ஐரோப்பியச் சந்தைக்காகப் பொன்னிறமாக்குகிறார்கள். தரமான தொழிற்சாலைகள் அதற்கு என்ன செய்கின்றன? முடியைத் தொட்டிகளில் ஊற வைத்து, நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக நிறத்தை எடுக்கின்றன. அந்த முடிக்கு அடியில் வெந்துபோகத் தோல் இல்லை. வலியில் கத்த ஆள் இல்லை. வெப்பம், காரம், நேரம் மூன்றும் கருவிகளின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. அப்படியிருந்தும் அவசரப்பட்டால் சரக்கு வீணாகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே முடியை, அது தலையில் இருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் 45 நிமிடத்தில் பொன்னிறமாக்கலாம் என்று பெட்டியின் அட்டையில் இருக்கும் படம் சொல்கிறது.

பெட்டியை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அது நம்மை மனத்தில் வைத்துப் பிறந்ததில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் 1818-ல் கண்டறிந்தார். 1867 பாரிஸ் கண்காட்சியில் அதை முடிக்குப் பயன்படுத்தும் முறையைக் காட்டினார்கள். ஆனால் வெளுப்பதையும் நிறம் ஏற்றுவதையும் ஒரே கலவையில் முடித்து, அதை வீட்டுக் குளியலறைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் கிளெய்ரால் நிறுவனம். 1956-ல் வீட்டு உபயோகத்துக்கு வந்த அதன் ‘மிஸ் கிளெய்ரால்’ பெட்டிதான் இன்றைய எல்லாப் பெட்டிகளுக்கும் முன்னோடி. அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் பழுப்பு முடியோடு பிறந்தவர்கள். இரண்டு மூன்று படி ஏறினால் அவர்கள் விரும்பிய நிறம் வந்துவிடும். அந்தத் தூரத்துக்கு ஒரே அளவு மருந்து, ஒரே நேரக் கணக்கு என்ற ஏற்பாடு போதும். நம் முடி தொடங்கும் இடத்திலிருந்து அந்த ஏற்பாடு எட்டுவது அடர் பழுப்பு வரை, மிஞ்சினால் நடுத்தரப் பழுப்பு வரை. பல பெட்டிகளின் பக்கவாட்டில் சிறிய படங்களாக இதைப் போட்டிருக்கிறார்கள்: உங்கள் முடி கறுப்பானால் விளைவு இது, பழுப்பானால் இது என்று. வாங்குகிறவர் பார்ப்பது முன்னட்டையில் சிரிக்கும் முகத்தைத்தான்.

இனி வீட்டில் என்ன தவறுகிறது என்று பார்ப்போம். பெட்டிக்குத் தெரியாத முதல் விஷயம், தலையிலிருக்கும் முடியின் வரலாறு. முடி ஆண்டுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வளரும். இடுப்பை எட்டும் 75 சென்டிமீட்டர் கூந்தலின் நுனி ஐந்து வயதானது. அந்த ஐந்தாண்டில் அது வெயில், ஸ்ட்ரெய்ட்னிங், இளநரைக்கு அடித்த டை, விசேஷத்துக்கு வைத்த மருதாணி என்று எல்லாவற்றையும் சுமந்திருக்கிறது. வேர்ப்பக்கமோ போன மாதம் முளைத்தது. இரண்டுக்கும் ஒரே மருந்தை ஒரே நேரம் தடவினால் ஒன்று குறையும், மற்றது கருகும். ஏற்கெனவே கறுப்பு டை அடித்த முடிக்கு, வெளிர் பழுப்புப் பெட்டி ஒன்றுமே செய்யாது. ஒரு டை இன்னொரு டையைக் கழற்றாது. புதிதாக முளைத்த வேர்ப்பகுதி மட்டும் செம்மஞ்சளாகி, கீழே கறுப்பு அப்படியே நிற்கும். மருதாணியின் நிறம் கெரட்டினோடு இறுகப் பிணைந்துவிடுவதால் ப்ளீச்சுக்கு எளிதில் அசையாது. மருதாணியோடு அவுரிப் பொடியும் வைத்த முடி இன்னும் மோசம். வெளுக்கும்போது பச்சை பாய்ந்துவிடக்கூடும். இயற்கையான பொருள்தானே என்று நினைத்து, பார்லரில் கேட்டால்கூட இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு. ‘ஹென்னா’ என்ற பெயரில் விற்கும் சில கலவைப் பொடிகளில் உலோக உப்புகள் இருக்கலாம். அவை பெராக்சைடோடு சேர்ந்தால் சூடு கிளம்பி முடி அங்கேயே அறுந்துவிடும். எந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று அட்டையை நம்பித் தீர்மானிக்க முடியாது. ஆகவே பின்கழுத்துப் பக்கமிருந்து ஒரு சிறு கற்றையை வெட்டி, அதில் மருந்தைத் தடவிப் பார்ப்பது ஒன்றே வழி.

இரண்டாவது விஷயம் வெப்பம். உச்சந்தலையை ஒட்டிய ஒரு சென்டிமீட்டர் முடி உடல் சூட்டில் இருக்கிறது. அங்கே மருந்து நீளப்பகுதியைவிட வேகமாக வேலை செய்யும். தேர்ந்தவர்கள் அதனால்தான் நீளத்தில் முதலில் தடவி, வேரைக் கடைசியில் தொடுகிறார்கள். வேருக்கு வலிமை குறைந்த டெவலப்பரைக் கலக்கிறார்கள். தனியாக நின்று தடவிக்கொள்கிறவருக்கு உச்சி வகிடு கண்ணாடியில் தெரியும், ஆகவே அங்கிருந்து ஆரம்பிப்பார். பின்னந்தலை தெரியாது. அடர்த்தியான கூந்தலில் கடைசிக் கற்றைக்கு மருந்து போய்ச் சேரும்போது முதல் கற்றை அரை மணி நேரம் ஊறியிருக்கும். மருந்து நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டே இருக்கிறது. காய்ந்தால் வேலை நின்றுவிடும், மூடி வைத்தால் சூடு ஏறும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கற்றையைத் துடைத்து நிறம் பார்க்க வேண்டும். நனைந்த முடியை இழுத்து, அது ரப்பர்போல நீள்கிறதா என்று பார்க்க வேண்டும். நீண்டால் அந்த நொடியே அலச வேண்டும். இதைத் தன் தலையின் பின்பக்கத்தில் தானே செய்துகொள்ள எவராலும் முடியாது. அலசுகிற தண்ணீரும் சும்மா இருப்பதில்லை. போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் இரும்பும் சுண்ணாம்பும் முடியில் படிந்திருக்கும். இரும்பும் செம்பும் பெராக்சைடைத் தாறுமாறாக உடைத்து, மெலனினைவிடக் கெரட்டினைத் தாக்கும் கூறுகளை உண்டாக்குகின்றன. ஒரே பெட்டி அடுத்தடுத்த தெருவில் இருவருக்கு இருவிதமாகப் பலிப்பதற்குத் தண்ணீரும் ஒரு காரணமாகலாம்.

‘ரசாயனமே வேண்டாம், எலுமிச்சையும் தேனும் போதும்’ என்பவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். தேனில் மிகச் சிறு அளவில் பெராக்சைடு உருவாவது உண்மை. எலுமிச்சைச் சாறும் வெயிலும் சேர்ந்தால் பழுப்பு முடி சற்று வெளிறுவதும் உண்மை. 1-ம் லெவல் கறுப்பை அவை கண்ணுக்குத் தெரியும்படி மாற்றுவதில்லை. எலுமிச்சை இனச் சாறு தோலில் பட்ட நிலையில் வெயிலில் நின்றால் கொப்புளமும் நீடித்த கறுந்திட்டும் வரலாம். தோல் மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமான பாதிப்பு அது. நம் சித்திரை வெயிலில், நெற்றியோரம் சாறு வழிய மாடியில் உட்கார்ந்திருப்பதைப் பாதுகாப்பான முறை என்று எழுதுகிறவர்கள் பொறுப்பில்லாமல் எழுதுகிறார்கள்.

வலுவான ஆட்சேபம் வேறு ஒன்று. பார்லரில் தடவுவதும் இதே பெராக்சைடு, இதே பெர்சல்பேட்தானே. இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது, செய்முறைக் காணொளிகளும் கொட்டிக் கிடக்கின்றன. பிறகு கூலி எதற்கு? மருந்து ஒன்றுதான் என்பதை நான் மறுக்கவில்லை. நம் வீடுகளில் முகத்துக்கு ப்ளீச் போடுவது பல பத்தாண்டுப் பழக்கம். அந்தப் பழக்கம் தரும் துணிச்சலும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஆனால் முகத்திலிருப்பது பூனைமுடி. மெல்லியது, நிறமி குறைந்தது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தலைமுடியில் அதே வேதியியலுக்குப் பல மடங்கு தூரம் இருக்கிறது. காணொளியில் தெரியும் தலை வேறு ஒருவருடையது. அதன் வரலாறு வேறு, தண்ணீர் வேறு, வெட்டி எடுத்த காட்சிகள் எத்தனை என்பதும் நமக்குத் தெரியாது. கத்தி ஒன்றாக இருப்பதால் சமையலறையும் அறுவை அரங்கும் ஒன்றாகிவிடுவதில்லை. கூலி கொடுப்பது மருந்துக்கு என்றால் அது வீண் செலவுதான். ஒரு தலையில் மூன்று வலிமைகளைக் கலந்து, மூன்று நேரங்களில் அலசி, செம்மஞ்சளில் நிறுத்தி அதை அடக்க நீல டோனர் போடுவதா, மஞ்சள்வரை விட்டு ஊதா டோனர் போடுவதா என்று முடியைப் பார்த்து முடிவு செய்யும் கண்ணுக்குத்தான் கூலி.

அப்படிப்பட்ட கண் எல்லா பார்லரிலும் இருக்கிறதா? இல்லை. இந்த இடத்தில் பார்லருக்காக வாதாடுகிறவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். நான் மாற்ற விரும்பவில்லை. ஹைலைட்ஸ் போடும்போது உச்சந்தலையில் ஏற்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கும் தீக்காயங்களில் பல, முடி நிலையங்களில் நேர்ந்தவை. ஃபாயிலுக்குள் வலுவான கலவை, மேலே சூடான காற்று, எரிகிறது என்று சொன்ன பெண்ணுக்கு ‘கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்’ என்ற பதில் என்று எல்லாம் கூடினால் அந்த இடத்தில் திரும்ப முடியே முளைக்காத வடு உண்டாகலாம். அமெரிக்காவின் மாநிலங்களில் இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். அதற்கு முன் பல நூறு மணி நேரப் பயிற்சியும் தேர்வும் உண்டு. இந்தியாவில் கடைக்கு மாநகராட்சி அல்லது நகராட்சியின் தொழில் உரிமம் தேவை. கிண்ணத்தில் ப்ளீச் கலக்கும் கைக்குக் கட்டாயத் தேர்வு எதுவும் இல்லை. நல்ல பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன, அரசின் திறன் மேம்பாட்டுப் படிப்புகளும் இருக்கின்றன. படித்தே ஆக வேண்டும் என்ற நிர்ப்பந்தம்தான் இல்லை. பெரிய பெயர்ப்பலகை வைத்த இடங்களிலும் வேலையைத் தொடங்கி வைக்கும் சீனியர் நகர்ந்துபோய், அலசும் நேரத்தைப் பயிற்சியாளர் தீர்மானிப்பது நடக்கிறது. ஒரு பெட்டிக்கு முன்னால் தனியாக நிற்பதைவிட இது எந்த வகையில் மேல் என்று கேட்டால், என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஆனாலும் இரண்டும் சமம் என்று முடிவுகட்டிவிட முடியாது. பார்லரில் நேரும் தவறுக்குப் பொறுப்பு கேட்க ஓர் ஆள் இருக்கிறார். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது சேவைக் குறைபாடு. டெல்லியில் ஒரு நட்சத்திர விடுதியின் முடி நிலையம் 2018-ல் ஒரு வாடிக்கையாளரின் கூந்தலைத் தவறாக வெட்டி, பிறகு தவறான சிகிச்சையும் கொடுத்த புகாரில், தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-ல் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. உச்ச நீதிமன்றம் 2023-ல், இழப்பைச் சான்றுகளோடு நிரூபிக்காமல் அந்தத் தொகையைத் தர முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. அதன் பிறகும் வழக்கு நீண்டது. நம்மில் யாரும் அந்தத் தொகையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வழக்கு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது: முடிக்கு நேர்ந்த சேதத்தை நீதிமன்றம் அற்பமாக நினைப்பதில்லை, ரசீதும், முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்களும் இல்லாமல் அங்கே எதுவும் நிற்காது. பில் வேண்டாம் என்று பணம் கொடுத்துவிட்டு வருகிறவர் இந்த ஒரு பாதுகாப்பையும் விட்டுவிடுகிறார்.

பணம் பற்றிய ஆட்சேபம் நியாயமானது. மாதச் சம்பளத்தில் ஒரு பெரிய பங்கை முடிக்குக் கொடுக்க முடியாத பெண்கள்தான் அதிகம். அவர்களிடம் ‘பார்லருக்குப் போ’ என்று சொல்வது எளிது. அதனால் நான் சொல்வது முழுத்தலைக்குமான பொன்னிறத்தை இல்லை. முகத்தையொட்டி நாலைந்து கற்றைகள், அல்லது நீளத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் கையால் வரைந்தாற்போலத் தடவும் பலயாஜ். இவற்றில் மருந்து தோலைத் தொடுவதில்லை, செலவும் முழுத்தலைக்கு ஆவதில் ஒரு பங்குதான். வேர் கறுப்பாகவே இருப்பதால் மாதாமாதம் ஓட வேண்டியதும் இல்லை. முழுத்தலையையும் வெளுத்தவருக்குச் சில வாரங்களிலேயே ஒரு சென்டிமீட்டர் கறுப்பு எட்டிப் பார்க்கும். அதை மறைக்கப் போகும் ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே வெளுத்த பகுதியில் மருந்து மறுபடி ஏறிவிடாமல் கவனிக்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் மாதத்திலேயே பெட்டிக்கு இறங்கிவிடுகிறவர்களுக்குத்தான் முடி நடுவில் ஒடிகிறது. ஆகவே பெட்டியின் விலையை முதல் நாள் பார்லர் கட்டணத்தோடு ஒப்பிடக் கூடாது. ஓர் ஆண்டுப் பராமரிப்பையும், ஆரஞ்சில் மாட்டிய பிறகு அதைச் சரிசெய்யக் கொடுக்கும் தொகையையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். நிறத்தைத் திருத்தும் வேலைக்குப் புதிதாகப் போடும் வேலையைவிட அதிகம் வாங்குகிறார்கள். வாங்குவதில் நியாயமும் இருக்கிறது. ஒரு தலைக்கு அரை நாள் போகும்.

நாற்காலிக்குப் பின்னால் நிற்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ப்ளீச் பவுடரின் பெர்சல்பேட் தூசி, முடி நிலையப் பணியாளர்களுக்கு ஆஸ்துமாவையும் கைத்தோல் அழற்சியையும் தருவது நன்கு நிறுவப்பட்ட தொழில்நோய். காற்றோட்டம் இல்லாமல், குளிர்பதன அறையை மூடி வைத்து, கையுறையும் இல்லாமல் பவுடர் கலக்கும் கடை தன் ஊழியரையே கவனிக்கவில்லை. வாடிக்கையாளரின் உச்சந்தலையைக் கவனிக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? நல்ல பார்லரை அடையாளம் காண எனக்குத் தெரிந்த மிக நம்பகமான குறி இதுதான். விளம்பரப் படங்களைவிட நூறு மடங்கு நம்பலாம்.

வீட்டில் செய்யத் தீர்மானித்தவர்கள் எல்லையை முன்பே வகுத்துக்கொள்ள வேண்டும். இதுவரை டையோ மருதாணியோ படாத முடி, அடர் பழுப்பு வரை மட்டும், 20 வால்யூமுக்கு மேல் போகாத பெட்டி, துணைக்கு இன்னொரு ஜோடிக் கை. ப்ளீச் பவுடரைத் தனியாக வாங்கி வீட்டில் கலக்கவே கூடாது. டையிலுள்ள பாரா-ஃபெனிலின்டையமின் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவி 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். டை பெட்டியில் முன்சோதனை பற்றிய எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று இந்திய விதிகளே சொல்கின்றன. கறுப்பு ‘டாட்டூ மெஹந்தி’ வைத்து எப்போதாவது அரிப்பு வந்தவர்கள் டை பெட்டியைத் தொடாமல் இருப்பதே நல்லது; அதிலும் இதே பொருள் இருந்திருக்கக்கூடும். உலோகக் கிண்ணம் வேண்டாம். பெட்டியில் போட்ட நேரத்தைத் தாண்டவும் வேண்டாம். எரிச்சல் வந்தால் நிறம் வந்ததா என்று பார்க்காமல் உடனே அலசுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், வந்த நிறம் பிடிக்கவில்லை என்று அதே வாரம் இரண்டாவது பெட்டியைத் திறக்காதீர்கள். முடி ஒடிந்து விழுந்த கதைகளில் பல இரண்டாவது பெட்டியில்தான் நடக்கின்றன.

அதற்கு மேல் வெளிற வேண்டுமானால் பார்லருக்குப் போங்கள். போனதும் விலைப்பட்டியலைக் கேட்பதற்கு முன் சிலவற்றைக் கவனியுங்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் முடிக்கு என்னென்ன செய்தீர்கள் என்று அவர்களாக விசாரிக்கிறார்களா? முழுத்தலையிலும் தடவுவதற்கு முன் ஒரு கற்றையில் சோதித்துக் காட்டுகிறார்களா? நீங்கள் கேட்கும் நிறம் ஒரே நாளில் வராது, இரண்டு மூன்று முறை வர வேண்டும் என்று சொல்லத் தயங்காமல் இருக்கிறார்களா? இந்த முடி தாங்காது, இப்போது வேண்டாம் என்று சொல்லி வருமானத்தை இழக்கத் துணிந்தவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். சோதனைக் கற்றை எடுக்க நேரமில்லை, இன்றே முழுப் பொன்னிறமாக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் அதைப் போகட்டும் என்று விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.